செயலி இல்லாதவனுக்கும் கணக்கைத் திறந்து விடுங்கள்: வங்கி நிர்வாகத்துக்கு மேல்மலையிலிருந்து ஒரு திறந்த மடல்

வங்கி நிர்வாகத்துக்கு வணக்கம்.

உங்கள் கொடைக்கானல் கிளையில் அப்பா காலத்திலிருந்து கணக்கு வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. நெட்பேங்கிங்குக்குள் நுழைய குறுஞ்செய்தி ஓடிபி இனி கிடையாது, செயலியில் ஒப்புதல் கொடுத்தால்தான் கதவு திறக்கும் என்று நீங்கள் அனுப்பிய அறிவிப்பு உங்களுக்கு நினைவிருக்கும். அதைப் பற்றி நான் அனுப்பிய புகார்கள் உங்கள் கோப்பில் இருக்கும். "வாடிக்கையாளர் அனுபவத்தை மேம்படுத்தத் தொடர்ந்து முயல்கிறோம்" என்று வந்த பதில்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. ஆகவே முன்கதையை நீட்டவில்லை. கேட்பது ஒன்றுதான்: செயலி இல்லாமல் என் கணக்குக்குள் போகும் வழியைத் திருப்பிக் கொடுங்கள்.

என் போனில் ஓடும் இயங்குதளம் உபுண்டு டச். ஆண்ட்ராய்டும் இல்லை, ஐபோனும் இல்லை. கணினியில் ஓடும் அதே லினக்ஸ் வகையறா, போனுக்கென்று செய்தது. கனோனிக்கல் நிறுவனம் 2013இல் அறிவித்து, 2017 ஏப்ரலில் கைவிட்டது. தன்னார்வலர்கள் யுபிபோர்ட்ஸ் என்ற பெயரில் அதை எடுத்து இன்றுவரை நடத்துகிறார்கள். போனைத் தயாரித்த நிறுவனம் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்ட பிறகு, நல்ல நிலையில் இருந்த போனைத் தூக்கிப் போட மனமில்லாமல் இதைப் போட்டேன். இப்போதும் அதற்குப் புதுப்பிப்பு வருகிறது.

இதில் சிரமமே இல்லை என்று சொல்லவில்லை. பெரும்பாலான உபுண்டு டச் போன்களில், 4ஜியில் பேச உதவும் வோல்ட்டி வேலை செய்வதில்லை. என்னுடையதிலும் இல்லை. ஜியோவில் 4ஜிக்குக் கீழே எதுவும் கிடையாது என்பதால் அந்த சிம்மைப் போட்டால் அழைப்பே வராது. அதனால் பிஎஸ்என்எல் சிம், பேச்சு 2ஜியில். கேமரா சுமார்தான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் இல்லை, அதில் எனக்கு நிம்மதியும் உண்டு. இவையெல்லாம் நானாகத் தேடிக்கொண்டவை, இவற்றுக்கு உங்களிடம் நியாயம் கேட்க வரவில்லை. பேச்சு, குறுஞ்செய்தி, பிரவுசர், வரைபடம் எல்லாம் ஒழுங்காக நடக்கின்றன. நீங்கள் அறிவிப்பு அனுப்பும் வரை உங்கள் நெட்பேங்கிங்கும் அந்த பிரவுசரில் ஒழுங்காகத்தான் நடந்தது.

நடந்ததில் அந்த ஒரு சனிக்கிழமையை மட்டும் சொல்கிறேன்.

பூண்டு மூட்டைகள் வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கிவிட்டன. வியாபாரி பேசியபடி பணத்தைக் கணக்கில் போட்டுவிட்டார். பணம் வரவானதை நீங்களே குறுஞ்செய்தியில் சொன்னீர்கள். (பணம் வந்ததைச் சொல்ல உங்களுக்குக் குறுஞ்செய்தி போதும், அந்தப் பணத்தை நான் தொடுவதற்கு மட்டும் அது போதாது.) சாயங்காலம் பூண்டு பிடுங்கித் தரம் பிரித்த பெண்கள் கூலிக்காகக் காட்டோரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பிக்கப் ஓட்டுநருக்கு வாடகை தர வேண்டும். பாதிப் பேர் காசாகவும் பாதிப் பேர் கணக்கிலும் கேட்பவர்கள். மடிக்கணினியைத் திறந்து பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போட்டேன். "உங்கள் செயலியில் ஒப்புதல் அளிக்கவும்" என்று திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

லினக்ஸுக்குள் ஆண்ட்ராய்டை ஓட்டும் வேட்ராய்டு என்ற ஏற்பாடு ஒன்று உண்டு. அதில் உங்கள் செயலியை நிறுவிப் பார்த்தேன். "இந்தச் சாதனம் பாதுகாப்பானது அல்ல" என்று ஒரு வரி சொல்லிவிட்டுத் தானாக மூடிக்கொண்டது. பட்டன் போன்காரர்களுக்கான யுபிஐ 123பே வழியில் ஓட்டுநருக்கு மட்டும் அனுப்பி முடித்தேன். அதில் ஒரு தடவைக்கு 10,000 ரூபாய்தான் வரம்பு. ஒவ்வொரு தடவையும் குரல் சொல்லச் சொல்ல எண்ணை அழுத்த வேண்டும். 2ஜி அழைப்பு நடுவில் அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மேல்மலையில் அழைப்பு எத்தனை தடவை அறுகிறது என்பதை உங்கள் கிளை ஊழியர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

வந்திருந்தவர்களில் மூத்த அக்கா ஒருவர் கேட்டார்: "தம்பி, பணம் வந்திருச்சுங்கிறீங்க, எடுக்க முடியலைங்கிறீங்க. எதுதான் நெசம்?"

இரண்டும் நிஜம் என்பதை அவருக்கு எப்படி விளக்குவது? நெட்பேங்கிங், ஒப்புதல், சாதனப் பாதுகாப்பு என்று நான் சொல்லச் சொல்ல, நான் கூலியை இழுத்தடிக்கச் சாக்குச் சொல்வதாகத்தான் அவர்களுக்குத் தோன்றியிருக்கும். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். கடைசியில் பக்கத்துக் காட்டுக்காரரிடம் கைமாற்று வாங்கி, கையில் இருந்ததையும் சேர்த்து, ஆளுக்குப் பாதிக் கூலியாகக் கொடுத்தேன். பூண்டு விற்ற அன்றைக்கே கடன் வாங்கிக் கூலி கொடுத்தவன் இந்த மேல்மலையில் நானாகத்தான் இருப்பேன்.

அது இரண்டாம் சனி, கிளை கிடையாது. மறுநாள் ஏடிஎம்முக்காகக் கொடைக்கானல் பஸ் ஏறினேன். ஞாயிற்றுக்கிழமை மோயர் பாயிண்ட் பக்கம் சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. சுற்றுலா வண்டிகள் இரண்டு பக்கமும் நிற்க, நடுவில் எங்கள் ஊர் பஸ் நகராமல் நின்றது. ஏடிஎம்மில் ஒரு நாளைக்கு எடுக்கக்கூடியதை எடுத்தேன். மீதிக்கு திங்கட்கிழமை மறுபடியும் அதே பஸ், அதே சாலை.

திங்கட்கிழமை கிளையில் ஓர் அலுவலர் பொறுமையாகக் கேட்டார், என் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "சார், ஆறாயிரம் ரூபாய்க்கு ஒரு ஆண்ட்ராய்டு போன் கிடைக்குது, இதுக்குன்னே ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்களேன்" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. அவர் கையில் இருந்த ஒரே தீர்வு அதுதான், மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் நிர்வாகத்தைக் கேட்கிறேன். கணக்குத் தொடங்கும்போது என்னிடம் ஆதார் கேட்டீர்கள், பான் கேட்டீர்கள், புகைப்படம் கேட்டீர்கள். கூகுள் கணக்கு இருக்கிறதா என்று எந்தப் படிவத்திலும் கேட்கவில்லையே? அப்படி ஒரு நிபந்தனை இருந்திருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் யோசித்திருப்பேன்.

பாதுகாப்புக்காகத்தான் இந்த ஏற்பாடு என்கிறீர்கள். சரி, பாதுகாப்பைப் பற்றியே பேசுவோம்.

உங்கள் செயலி என் போனை நிராகரிக்கக் காரணம் அதில் ஓட்டை கண்டுபிடித்தது அல்ல. கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி என்ற சோதனையிடம் கேட்கிறது, அந்தச் சோதனை இது கூகுள் சான்றளித்த ஆண்ட்ராய்டு அல்ல என்கிறது. அவ்வளவுதான். என் சித்தப்பாவிடம் கண்ணாடி உடைந்த ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது. பாதுகாப்புத் திருத்தம் வந்து பல வருடம் ஆகிவிட்டது. எங்கெங்கிருந்தோ இறக்கிய கடன் செயலிகளும் சீட்டாட்டச் செயலிகளும் அதில் உண்டு. உங்கள் செயலி அதில் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் திறக்கிறது. அந்தச் சோதனையில் பல படிகள் உண்டு. மேல் படியைக் கேட்டால்தான், அதுவும் ஆண்ட்ராய்டு 13 முதல்தான், கடந்த ஓராண்டுக்குள் திருத்தம் வந்ததா என்று பார்க்கும். சித்தப்பா போனில் அந்தக் கேள்வியே எழவில்லை. திருத்தம் வரும் என் போன் ஆபத்து, வராத அவர் போன் பத்திரம் என்பது உங்கள் கணக்கு. தினமும் வட்டியைப் பைசா சுத்தமாகக் கணக்கிடும் உங்களிடமிருந்து இப்படி ஒரு கணக்கை நான் எதிர்பார்க்கவில்லை.

இத்தனைக்கும் ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பதும் கர்னல் என்ற லினக்ஸின் மையப் பகுதிதான். கோடிக்கணக்கில் விற்ற ஜியோபோனின் இயங்குதளமான கைஓஎஸ்ஸுக்கும் அடித்தளம் அதுதான். 2016இல் செயில்ஃபிஷ் என்ற இன்னொரு லினக்ஸ் இயங்குதளம் போட்ட இன்டெக்ஸ் அக்வா ஃபிஷ் போன் இந்தியாவில் 5,499 ரூபாய்க்கு விற்றது. நான் ஏதோ திருட்டுப் பொருளைக் கையில் வைத்திருப்பவன் போல உங்கள் செயலி பேசுவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

குறுஞ்செய்தி ஓடிபியில் ஆபத்தே இல்லை என்று நான் வாதாடவில்லை. போலி சிம் எடுத்துப் பணம் திருடுவதும், பெரியவர்களிடம் போனில் பேசி எண்ணைக் கறப்பதும் நடக்கிறது. அதைத் தடுக்க நீங்கள் நினைப்பது நியாயம். அதற்கு ஒரு செயலிதான் வழியா? டிஓடிபி என்ற முறை 2011இலேயே ஆர்எஃப்சி 6238 என்ற திறந்த தரமாக வந்துவிட்டது. உங்கள் சர்வரும் என் போனும் ஒரு ரகசிய எண்ணை முதலிலேயே பகிர்ந்துகொள்ளும். அதையும் அப்போதைய நேரத்தையும் வைத்து, பொதுவாக 30 நொடிக்கு ஒரு முறை, இரண்டு பக்கமும் ஒரே ஆறிலக்க எண்ணைக் கணக்கிட்டுக்கொள்ளும். குறுஞ்செய்தி வரவேண்டிய அவசியமே இல்லை, எனவே போலி சிம் எடுத்தவனுக்கும் அது கிடைக்காது. எந்த இயங்குதளத்திலும் ஓடும், என் போனிலும் ஓடும், என் மின்னஞ்சலுக்குள் நான் இப்போது அப்படித்தான் போகிறேன். எங்களுக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. சிக்னல் இல்லாத இடத்திலும் எண் கிடைக்கும். மழை பெய்து டவர் படுத்துக்கொண்டால் உங்கள் குறுஞ்செய்தியும் வராது, உங்கள் செயலிக்கு இணையமும் வராது. எங்கள் மேல்மலை ஊர்களான கிளாவரைக்கும் கவுஞ்சிக்கும் போய் ஒரு நாள் தங்கிப் பார்த்த எவருக்கும் எது வசதி என்று புரிந்துவிடும். டிஓடிபி வேண்டாம் என்றால், எண் காட்டும் சின்னக் கருவி ஒன்றைக் கொடுங்கள். விலையை நான் கட்டுகிறேன்.

ரிசர்வ் வங்கியின் உத்தரவு என்று உங்கள் பதிலில் ஒரு வரி இருந்தது. மின்னணுப் பரிவர்த்தனைகளின் அங்கீகாரம் பற்றி ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறையை நானும் படித்தேன். இரண்டு காரணிகள் வேண்டும் என்கிறது, புதிய முறைகளுக்கு இடம் கொடுக்கிறது. குறுஞ்செய்தி ஓடிபியை நிறுத்து என்று அதில் இல்லை. ஒரே ஒரு செயலியைத் தவிர எல்லாக் கதவையும் சாத்து என்றும் இல்லை. அது உங்கள் முடிவு. உங்கள் முடிவு என்றால் மாற்றவும் உங்களால் முடியும் அல்லவா?

உங்களை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. இன்று டாக்டரைப் பார்க்க டோக்கன் எடுக்கவும் செயலி, கூரியர் எங்கே இருக்கிறது என்று பார்க்கவும் செயலி, ஹோட்டலில் தோசை என்ன விலை என்று பார்க்கக்கூட மேஜையில் ஒட்டிய க்யூஆர் கட்டத்தைப் படம் பிடிக்க வேண்டும். 2023 ஜனவரியில், சென்னை ஐஐடியில் உருவான ஒரு நிறுவனத்தின் பாரோஸ் இயங்குதளத்தை மத்திய அமைச்சர்கள் இருவர் சோதித்துக் காட்டினார்கள். கூகுள் சேவைகள் இல்லாமல் வருவதே அதன் பெருமை என்றார்கள், சுதேசி என்று எல்லாரும் கைதட்டினோம். அந்தப் போனை எடுத்துக்கொண்டு ஓர் அமைச்சர் உங்கள் கிளைக்கு வந்தால் அவரிடமும் ஆறாயிரம் ரூபாய் போன் வாங்கச் சொல்வீர்களா என்று பார்க்க எனக்கு ஆசை. அப்புறம், இதே கொடைக்கானலுக்கு வர உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் எடுக்க வேண்டும். அதற்கு ஓர் இணையதளம்தான். என் போனில் திறந்து பார்த்தேன், திறந்தது. வண்டி மலை ஏற ஒரு பிரவுசர் போதும், மலையில் இருப்பவன் தன் காசை எடுக்க அது போதவில்லை.

எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். விஷயத்துக்கு வருகிறேன்.

தயவுசெய்து, செயலி இல்லாமல் நெட்பேங்கிங்குக்குள் போகும் வழியைத் திறந்து வையுங்கள். டிஓடிபியாக இருக்கட்டும், கருவியாக இருக்கட்டும், அவை தயாராகும் வரை பழைய குறுஞ்செய்தியாகவே இருக்கட்டும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்று வரம்பு வைத்தாலும் சம்மதம். கூலி கொடுக்கவும் வண்டி வாடகை கொடுக்கவும் ஆகிற அளவுக்கு அந்த வரம்பு இருந்தால் போதும். இது என் ஒருவனின் லினக்ஸ் பிடிவாதத்துக்காக மட்டும் இல்லை. ஸ்மார்ட்போனே வேண்டாம் என்று பட்டன் போனோடு இருந்துகொண்டு, மகன் வீட்டுக் கணினியில் கணக்குப் பார்க்கும் பெரியவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். உங்கள் அறிவிப்பு அவர்களையும் வெளியே நிறுத்திவிட்டது.

நீங்கள் 30 நாளுக்குள் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அதுவரை போகாமல் முடிந்தால் இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

பதிலை மின்னஞ்சலிலோ தபாலிலோ அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். செயலிக்குள் அனுப்பிவிட்டு, பதில் தந்தாகிவிட்டது என்று புகாரை மூடிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
கொடைக்கானல் மேல்மலையிலிருந்து உங்கள் கணக்குதாரர்