பித்தளைத் தகடு குறித்து மகளுக்கு

தண்டையார்பேட்டை,
ஞாயிறு மாலை.

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களை அம்மாவும் நானும் பெரிதாக்கிப் பார்த்தோம். ஸ்டார் வார்ஸ் படத்து விண்கப்பலான மில்லேனியம் ஃபால்கனின் 72-இல் ஒரு பங்கு அளவிலான பிளாஸ்டிக் மாடலுக்குத் தனியாக வாங்கிய, நுண்ணிய உதிரிகள் அரித்தெடுத்த பித்தளைத் தகட்டிலிருந்து மூன்று துண்டுகள் மடிக்கும்போதே ஒடிந்துவிட்டன என்றும், மீதியை ஒட்டாமலே விட்டுவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். விட்டுவிட வேண்டாம் அம்மா. ஆனால் தகட்டில் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் ஒட்டவும் வேண்டாம்.

மண்ணடிப் பட்டறையில் மோட்டாருக்கும் பம்புக்கும் நான் பெயர்த்தகடு செய்த அதே முறையில்தான் உன் கையிலிருக்கும் தகடும் உருவாகியிருக்கிறது. ஒளிபட்டால் இறுகும் பூச்சைத் தகட்டின் மேல் தடவி, துண்டுகளின் வடிவம் பதிந்த ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டி, இறுகாத இடத்தைக் கழுவிவிட்டு, ஃபெரிக் குளோரைடு கரைசலில் போட்டால், மூடப்படாத பித்தளையை அது தின்றுவிடும். இரு பக்கமும் தின்ற இடம் துளையாகும். ஒரு பக்கம் மட்டும் தின்ற இடம் பாதி ஆழத்துக்குப் பள்ளமாகி, நீ மடிக்க வேண்டிய கோடாக நிற்கும். அந்தக் கோட்டில் பாதித் தடிமன்தான் மிச்சம் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், உன் துண்டுகள் ஏன் ஒடிந்தன என்பது விளங்கும். பித்தளை வளைக்க வளைக்கக் கடினமாகும் உலோகம். மடித்தது சரியாக வரவில்லை என்று ஒருமுறை நிமிர்த்தி மறுபடி மடித்தால், அந்த மெல்லிய கோடு தாங்காது. பள்ளக்கோடு மடிப்பின் உட்பக்கம் வருமாறு வைத்து, ஒரு பக்கத்தைக் கொறடால் முழு நீளத்துக்கும் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தைச் சவர பிளேடால் ஒரே மூச்சில் தூக்கிவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதே தவறால் நாள் முழுக்கச் செய்த தகடுகளை ஒடித்து, இரவு உட்கார்ந்து மறுபடி செய்திருக்கிறேன்.

இனி, எதை ஒட்டுவது என்பதற்கு வருகிறேன். தகட்டின் பெருமை அதன் மெலிவில் இருக்கிறது. பிளாஸ்டிக் அச்சில் அரை மில்லிமீட்டருக்கு வார்த்த ஒரு கம்பி, உன் அளவுக் கணக்கில் 36 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புச் சட்டமாகத் தெரியும், 0.2 மில்லிமீட்டர் தகடோ 14 மில்லிமீட்டர் சொச்சம்தான், கண்ணுக்கு அது நிஜமான கம்பிவலையாகவே படும். ஆகவே கப்பலின் மேற்புறம் பின்பகுதியில் இருக்கும் ஆறு வட்டக் காற்றுப்போக்கிகளின் வலைகளை அவசியம் மாற்று. விமானி அறையின் பின்சுவரையும் மாற்று. அதன் நுண்துளைகள் வழியே பின்னாலிருந்து விளக்கு வெளிச்சம் கசியும்போது கிடைக்கும் அழகைப் பிளாஸ்டிக்கில் வண்ணம் தீட்டிப் பெற முடியாது.

குழாய்களையும் எந்திரப் புடைப்புகளையும் மட்டும் தொடாதே. தகடு தட்டையானது, உருண்டையான குழாயின் இடத்தில் அதை ஒட்டினால், பக்கவாட்டில் பார்க்கும்போது காகிதம் வெட்டி ஒட்டியதைப் போல் இருக்கும். மேலும், 1977-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்துக்காக இந்தக் கப்பலின் மாடலைச் செய்தவர்களே கடையில் விற்ற டாங்கி, விமானப் பிளாஸ்டிக் கிட்களின் உதிரிகளை எடுத்துத்தான் அதன் மேனி முழுக்க ஒட்டினார்கள். மூலமே பிளாஸ்டிக்காக இருக்கும் இடத்தில் பித்தளையைத் திணிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வளைவாக உருட்ட வேண்டிய துண்டுகளை மட்டும் அடுப்புத் தணலில் நிறம் மாறும் வரை காட்டி, தானாக ஆறவிடு. பிறகு பேனா உருளையில் சுற்றினால் சொன்னபடி கேட்கும். தட்டையாக நிற்க வேண்டிய வலைகளைச் சுடாதே, சுட்டால் விறைப்புப் போய்த் துவண்டுவிடும். துண்டுகளைத் தகட்டின் சட்டத்திலிருந்து வெட்டும்போது ரப்பர் விரிப்பின் மேல் வெட்டினால் கத்தி அழுந்துமிடத்தில் துண்டும் சேர்ந்து வளையும். கண்ணாடித் துண்டோ சமையலறைக் கடப்பைக் கல்லோ அடியில் இருக்கட்டும். வெட்டியதைப் புளிக்கரைசலில் சற்று ஊறவைத்துக் கழுவு. அம்மா குத்துவிளக்கு துலக்குவதை நீ பார்த்து வளர்ந்தவள்தான். காசிமேட்டுக் கடற்காற்றில் கறுத்த விளக்கையே புளி பளிச்சென்று ஆக்கும்போது, உன் விரல் எண்ணெயும் லேசான களிம்பும் போகாதா? கழுவியபின் வெறும் விரலால் தொடாமல் உலோகத்துக்கான பிரைமரை, அதாவது அடிப்பூச்சை, மெல்லியதாக அடி. அது இல்லாமல் வண்ணம் அடித்தால் நகம் பட்டாலே உரிந்துவிடும்.

ஒட்டுவதற்கு பிளாஸ்டிக் சிமெண்ட் உதவாது, அது பிளாஸ்டிக்கை இளக்கித்தான் இணைக்கும். உலோகத்தை ஒன்றும் செய்யாது. பெவிக்விக் போன்ற பசையை ஊசிமுனையில் எடுத்து வை. அது காற்றின் ஈரத்தால் இறுகுவது. இங்கே நொடியில் பிடிக்கும், ஹீட்டர் ஓடும் உன் வறண்ட அறையில் நேரம் எடுக்கும், அதனால் கையை உடனே எடுத்துவிடாதே. விமானி அறையின் கண்ணாடி போன்ற முகப்பின் பக்கம் மட்டும் அதைக் கொண்டுபோகாதே, அதன் ஆவி வெண்படலமாகப் படிந்துவிடும்; அங்கே வெள்ளைப் பெவிகால் போதும்.

ஒடிந்த மூன்றையும் எறியாமல் வைத்திரு. மடிப்பின் உட்புறம் ஈயம் பற்றவைத்தால் மறுபடி சேர்ந்துவிடும். கப்பலில் ஒட்டுவதற்கு முன்பே அதைச் செய்துவிடு, சூட்டுக்கோல் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும்.

அடுத்த மாதம் அங்கே வரும் உன் சித்தியிடம் என் பட்டை மூக்குக் கொறடைக் கொடுத்தனுப்புகிறேன். அதன் வாயிலிருந்த பற்களை நான் அந்தக் காலத்திலேயே அரத்தால் ராவி வழவழப்பாக்கிவிட்டேன். தகட்டில் தழும்பு விழாது. துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவியிருக்கிறது, துடைத்துவிட்டுப் பயன்படுத்து. காற்றுப்போக்கி வலைகள் ஆறும் உட்கார்ந்தபின் ஒரு படம் அனுப்பு.

அன்புடன்,
அப்பா