பெடல் தயாராகிவிட்டது, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் "சரிம்மா, சரிம்மா" என்று பத்து நிமிடத்தில் முடித்துவிடுவாய், இது அப்படி முடிகிற விஷயம் இல்லை. கிடார் சத்தத்தைக் கரகரப்பாக்க நீ காலால் மிதிப்பாயே, அந்த மஞ்சள் பெடல் வேலை செய்கிறது. நீ டொராண்டோ கிளம்புவதற்கு முந்தின ராத்திரி புகைவிட்டு அடங்கிப்போன அதே பெடல்தான். உள்ளே இருப்பது மட்டும் பழையது இல்லை, அந்தக் கால ரேடியோவில் எரியுமே, அந்தக் கண்ணாடி வால்வு போட்டிருக்கிறேன்.

முதலில் அந்த ராத்திரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவசரத்தில் வைஃபை ரவுட்டரின் அடாப்டரை எடுத்துச் சொருகினாய். முனை ஒரே அளவு, கச்சிதமாக உள்ளே போகும், யார் வேண்டுமானாலும் செய்திருப்பார்கள். ரவுட்டர் அடாப்டரில் நடுமுனை பாசிட்டிவ், கிடார் பெடல்களில் பெரும்பாலும் நடுமுனை நெகட்டிவ், இது பெட்டிமேல் ஊசி அளவுப் படமாகத்தான் அச்சாகியிருக்கும். நான் அன்றைக்கு "பொருளோட அருமை தெரியாம வளந்துட்டே" என்று சொன்னேன். உன் முதல் சம்பளத்தில் நீயே வாங்கின பொருள் அது. விடிந்தால் ஊருக்குப் போகிற பிள்ளையிடம் அப்படிச் சொல்லியிருக்கவே கூடாது. எனக்கு வேறு எதுவோ தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்தது, அது பெடல்மேல் போய் விழுந்துவிட்டது. இரண்டு வருஷமாக இதைச் சொல்ல நினைத்து, ஒவ்வொரு தடவையும் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடுகிறேன்.

நீ போன பிறகு ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்துப் பார்த்தேன். மூன்று வாரம் வைத்திருந்துவிட்டு "இதுக்கு போர்டு கிடைக்காது, புதுசு வாங்கிக்கங்க" என்று திருப்பிக் கொடுத்தார்கள், குமிழில் இரண்டைக் காணோம். வீட்டுக்கு வந்து நானே திறந்தேன். முப்பது வருஷம் பாலிடெக்னிக் லேபில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள், இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். அடாப்டர் வருகிற இடத்தில் பாதுகாப்புக்கென்று இருந்த டையோடு கரிக்கட்டையாகி இரண்டாகப் பிளந்திருந்தது. அது தன்னால் முடிந்தவரை தாங்கியிருக்கிறது, அது போன பிறகுதான் மின்சாரம் தலைகீழாக உள்ளே பாய்ந்து, சத்தத்தைப் பெரிதாக்குகிற 4558 ஐசியைக் கொன்றிருக்கிறது. பக்கத்தில் ஒரு கண்டன்சர் வெடித்து, அதன் உள்காகிதம் பஞ்சு மாதிரி எல்லா இடத்திலும் ஒட்டிக்கிடந்தது. போர்டில் ஒரு ரூபாய் அளவுக்குக் கருகல். கருகின போர்டை நம்பக் கூடாது, கரி மின்சாரத்தைக் கடத்தும், எதைச் சரிசெய்தாலும் அங்கே கரகரவென்று இரைந்துகொண்டே இருக்கும். அதனால் போர்டை மொத்தமாகக் கழற்றிப் போட்டுவிட்டு, பெட்டி, கால் ஸ்விட்ச், இரண்டு ஜாக், மூன்று வால்யூம் கண்ட்ரோல் இவற்றை மட்டும் வைத்துக்கொண்டேன்.

வால்வு போடலாம் என்ற யோசனை தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது வந்தது. டவுன்ஹால் ரோட்டுப் பக்கத்துச் சந்தில் தாத்தா கடை வைத்திருந்தது உனக்குத் தெரியும், ஆனால் அங்கே ரேடியோவைவிட மைக் செட் ஆம்ப்ளிஃபயர்தான் அதிகம் வரும் என்று உனக்குச் சொன்னேனா தெரியவில்லை. திருவிழா மாதம் வந்தால் கடை வாசலில் ஆம்ப்ளிஃபயர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும், "சாயங்காலம் மேடையில பேசணும்ணே" என்று மைக் செட்காரர்கள் அவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். மைக்கிலிருந்து வருகிற மெல்லிய சத்தத்தை முதலில் வாங்கிப் பெரிதாக்குவது இசிசி83 என்கிற வால்வு. பெட்டியில் தினத்தந்தித் தாளில் சுற்றினபடி மூன்று இருந்தன, கண்ணாடியில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் எழுத்து பாதி அழிந்திருந்தது, பெங்களூரில் செய்தவை. அமெரிக்காவில் இதற்குப் பெயர் 12ஏஎக்ஸ்7. உன் கிடார்காரர்கள் உயிரை விடுகிற ஃபெண்டர், மார்ஷல் ஆம்ப்ளிஃபயர்களில் முன்வரிசையில் நிற்பதும் இதுவேதான்.

அந்த லியோ ஃபெண்டர் யார் தெரியுமா? கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்கிற ஊரில் 1938-ல் ரேடியோ ரிப்பேர் கடை போட்டவர். மைக் செட் செய்து வாடகைக்கும் விட்டிருக்கிறார். அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. வாசிக்கிறவர்களிடம் கொடுத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்தித் திருத்தித்தான் அத்தனையும் செய்தார். இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. நம் தாத்தாவும் ஒரு பாட்டுகூடப் பாடத் தெரியாதவர், ஆனால் ஆம்ப்ளிஃபயரில் காதை வைத்தால் எந்தக் கண்டன்சர் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

மூன்று வால்வில் ஒன்று தேறாது என்று பார்த்ததுமே தெரிந்தது. வால்வின் உச்சியில் உள்பக்கம் வெள்ளி பூசினது போலப் பளபளக்கும், உள்ளே காற்று புகுந்தால் அது பால் வெள்ளையாகிவிடும். ஒன்று அப்படி வெளுத்திருந்தது. மற்ற இரண்டும் எரிந்தன. ஃபிலமென்ட் மெதுவாகச் சிவந்து ஆரஞ்சு நிறத்துக்கு வருவதை லைட்டை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அப்பா வந்து "கரண்ட் போச்சா" என்றார். அப்புறம் பென்சிலால் லேசாகத் தட்டிப் பார்த்தேன். ஒன்று ஸ்பீக்கரில் மணி அடித்ததுபோல "டிங்" என்றது, உள்ளே ஏதோ தளர்ந்திருக்கிறது, தரையில் வைத்துக் காலால் மிதிக்கிற பெடலுக்கு அது சரிப்படாது. மற்றது எவ்வளவு தட்டினாலும் பேசாமல் இருந்தது. அதுதான் உன் பெடலில் இருக்கிறது.

கடையில் விற்கிற வால்வு பெடல்களில் பல, வால்வுக்கு 9, 12 வோல்ட் மட்டும் கொடுத்து ஓட்டுகின்றன, பாதி வேலையை ஐசி செய்கிறது. சிலவற்றில் வால்வுக்குக் கீழே ஆரஞ்சு எல்இடி வைத்து எரிகிற மாதிரி காட்டுகிறார்கள். குறைந்த வோல்ட்டிலும் ஒருவிதமான சத்தம் வரும், முரட்டுத்தனமாக, சிலருக்கு அதுதான் பிடிக்கும். எனக்கு மனசு கேட்கவில்லை. தாத்தா இதற்கு 200 வோல்ட்டுக்கு மேல் கொடுத்துத்தான் வேலை வாங்கினார், நானும் அப்படித்தான் செய்வேன் என்று முடிவு செய்தேன்.

ஆனால் 200 வோல்ட்டுக்கு எங்கே போவது? இங்கே வீட்டில் 230 வோல்ட், உனக்கு அங்கே 120. இங்கத்திய ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்தால் அங்கே ஓடாது. அதனால் உள்ளே வருவது 12 வோல்ட் டிசி மட்டும், அந்த அடாப்டரை எந்த நாட்டிலும் வாங்கலாம். ஃபிலமென்டுக்கு 12.6 வோல்ட்தான் கணக்கு, 12 கிட்டே இருந்தாலே திருப்தியாக எரியும். அந்த 200 வோல்ட்டுக்குத் தாளம் போட ஒரு 555 ஐசி, ஸ்விட்ச் மாதிரி வெட்ட ஒரு மாஸ்ஃபெட், கட்டைவிரல் நுனி அளவு ஒரு சுருள். தெருக்குழாயில் வேகமாக ஓடுகிற தண்ணீரைப் படக்கென்று அடைத்தால் பைப் "டொக்" என்று அதிருமே, அதுதான் இங்கேயும். சுருளில் ஓடுகிற மின்சாரத்தை மாஸ்ஃபெட் வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டுகிறது, ஒவ்வொரு தடவையும் அது போக வழியில்லாமல் எம்பி ஒரு டையோடைத் தாண்டிக் கண்டன்சரில் விழுகிறது, விழுந்து விழுந்து 200 வோல்ட் சேர்ந்துவிடுகிறது. வால்வு குடிப்பது ஒன்றரை மில்லி ஆம்பியர்கூட இல்லை, அதற்கு இது தாராளம்.

இந்த இடத்தில்தான் பதினொரு நாள் போனது. வால்வு பாடியது, கூடவே கொசு மாதிரி ஒரு கீச்சுச் சத்தமும் வந்தது. கண்டன்சரை மாற்றினேன், வயரை மாற்றினேன், சுருளைத் திருப்பி வைத்தேன், போகவில்லை. கடைசியில் பார்த்தால் மாஸ்ஃபெட்டின் எர்த்தும், வால்வுக்குள் சத்தம் நுழைகிற முனையான கிரிட்டின் எர்த்தும் ஒரே வயரில் போகின்றன. ஒருத்தர் மூச்சு விடுவது இன்னொருத்தர் காதில் விழத்தானே செய்யும். இரண்டையும் தனித்தனியாகக் கொண்டுபோய் அடாப்டர் ஜாக்கில் ஒரே புள்ளியில் சேர்த்தேன், நடுவில் நெய் டின்னை வெட்டி ஒரு தகடு வைத்து அதையும் எர்த் செய்தேன். ராத்திரி பதினொரு மணிக்குச் சத்தம் நின்றது. அந்த அமைதி எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குப் புரியும், கச்சேரிக்கு முன்னால் நீயும் இரைச்சலோடு மல்லுக்கட்டியிருக்கிறாய்.

இசிசி83-க்குள் இரண்டு வால்வு ஒரே கண்ணாடியில் இருக்கும். முதலாவது உன் கிடார் சத்தத்தை அறுபது மடங்கு பெரிதாக்கி இரண்டாவதன் கிரிட்டில் கொட்டுகிறது, கெயின் குமிழ் நடுவில் நிற்கிறது. குமிழைத் திருப்பத் திருப்ப இரண்டாவது தாங்க முடியாமல் அலையின் தலையை மழுக்க ஆரம்பிக்கும். ஐசி வெட்டுவது அரிவாளால் வெட்டினது போல, வால்வு மழுக்குவது ஆற்றங்கல் தேய்ந்தது போல, மேலும் கீழும் ஒரே மாதிரி தேயாது, அந்தக் கோணலில்தான் இனிமை வருகிறது. வால்வின் பிளேட் என்கிற முனையில் 132 வோல்ட், கேத்தோடு என்கிற முனையில் சரியாக ஒரு வோல்ட் காட்டியது, தாத்தா நோட்டில் எழுதி வைத்திருந்த கணக்கோடு ஒத்துப்போனது. கேத்தோடில் முதலில் 25 மைக்ரோ கண்டன்சர் போட்டேன், உன் தடிக்கம்பி கூழாகக் குழம்பியது, 1 மைக்ரோவாக மாற்றினதும் தெளிந்தது.

வாசிக்க எனக்குத் தெரியாதே, நீ விட்டுவிட்டுப் போன கிடாரில் மிச்சமிருந்த ஐந்து கம்பியையும் ஒவ்வொன்றாக மீட்டினேன், அவ்வளவுதான். கம்பி ஓய்கிறபோது சத்தம் கரகரப்பிலிருந்து மெல்லத் தெளிந்து தனிக்குரலாகி அடங்குகிறது. அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவும் வந்து உட்கார்ந்துவிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அறுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நாஷ்வில்லில் ஒரு பாட்டுப் பதிவு நடக்கும்போது மிக்ஸரில் ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் பழுதாகி பேஸ் கிடார் சத்தம் உறுமலாக வந்திருக்கிறது. அதை அவர்கள் அழிக்காமல் அப்படியே வைத்தார்கள். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அந்த உறுமலை வேண்டுமென்றே வரவைக்க ஒரு சர்க்யூட் செய்தார், அதை கிப்சன் வாங்கி 1962-ல் மேஸ்ட்ரோ என்ற பெயரில் ஃபஸ் பெடலாகக் கொண்டுவந்தது. நீ எரித்ததால்தான் நான் இதைத் திறந்தேன், தாத்தாவின் பெட்டியையும் திறந்தேன், இல்லாவிட்டால் அந்த வால்வு இன்னும் தினத்தந்திக்குள்ளேயே கிடந்திருக்கும்.

இனி கவனமாகப் படி. அடாப்டர் ஜாக்கை மாற்றிவிட்டேன், நடு ஊசி தடிமன், உன் மற்ற பெடல்களின் அடாப்டர் இதில் போகாது. கூட அனுப்புகிற அடாப்டர் வயரில் சிவப்பு நூல் சுற்றியிருக்கிறேன், அது மட்டும்தான். அப்படியும் தலைகீழாக ஏதாவது வந்தால் ஒரு டையோடு வழிமறிக்கும், ஒன்றும் எரியாது. பின்மூடியைத் திறக்க வேண்டுமானால் வயரைப் பிடுங்கிவிட்டு ஒரு நிமிடம் காத்திரு, கண்டன்சரில் நிற்கிற 200 வோல்ட் ஒரு ரெசிஸ்டர் வழியாக வடிந்துவிடும், இருந்தாலும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்காதே. தாத்தா என்னிடம் சொன்னது போல உன்னிடமும் சொல்கிறேன், வேலை செய்யும்போது இடது கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

அடுத்த மாதம் சித்தி மகன் அந்தப் பக்கம் வருகிறான், அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். வால்வைக் கழற்றிப் பஞ்சில் சுற்றித் தனியாக வைத்திருக்கிறேன், ஒன்பது காலுக்கு நடுவே ஒரு இடைவெளி இருக்கும், அதைப் பார்த்துச் சொருகு, ஒரே ஒரு வழியில்தான் போகும், அழுத்தித் திணிக்காதே. தாத்தா வால்வு என்று அலமாரியில் வைத்துவிடாதே, பாப்பா. தினமும் வாசி. ஓடி ஓடித் தீரட்டும், ஸ்லோவாக்கியாவில் ஜேஜே என்கிற கம்பெனி இன்றைக்கும் இதைச் செய்கிறது, அதையும் ஒன்று வாங்கிக் கூடவே வைத்திருக்கிறேன்.

வந்து சேர்ந்ததும் வீடியோவில் வாசித்துக் காட்டு. எங்கே குறைகிறது, எங்கே அதிகம் என்று தயங்காமல் சொல், மேல் ஸ்தாயி கூர்மையாகக் குத்தினால் டோன் கண்டன்சரை மாற்ற வேண்டும், எதை எங்கே மாற்றுவது என்று படம் போட்டு அனுப்புகிறேன். சொருகின உடனே சத்தம் வராது, வால்வு சூடாக அரை நிமிடம் பிடிக்கும்.

காணாமல் போன குமிழுக்குப் பதில் தாத்தா கடையில் கிடந்த பழைய ரேடியோக் குமிழ் இரண்டைப் போட்டிருக்கிறேன், ஒன்று பழுப்பு, ஒன்று தந்த நிறம். பழுப்புதான் கெயின்.

அன்புடன்,
அம்மா