மணி கட்டியாயிற்று, மருந்துப் பெட்டியை எடுங்கள்

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். பூனைகளைப் பற்றி லிஃப்ட் பக்கத்தில் நேற்று ஒட்டிய சுற்றறிக்கையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை அவசரத்தில் படித்ததால் பாதிக் கோபம்தான் வந்தது. இரண்டாம் முறை நிதானமாகப் படித்தேன், மீதியும் வந்துவிட்டது.

செயலாளர் அவர்களின் ஷூவுக்குள் எலி கிடந்ததைப் பற்றி மறுபடி கிளறப் போவதில்லை. அது நடந்தது உண்மை. செய்தது எங்கள் வீட்டுப் பூனை கருப்பாயி என்பதும் உண்மை. அன்றைக்கே வந்து மன்னிப்புக் கேட்டேன், ஷூவையும் கழுவிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்பது உங்களுக்கே தெரியும். நான் கேட்பது ஒன்றுதான். படிக்கட்டுக்கு அடியிலும் குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னாலும் வைத்திருக்கும் எலி மருந்துப் பெட்டிகளை எடுத்துவிடுங்கள். மற்றதை உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

பூனை வளர்ப்பவர்கள் எல்லோரும் தங்கள் பூனையைப் பச்சைப்பிள்ளை என்கிறார்கள் என்று கூட்டத்தில் ஒருவர் குறைப்பட்டார். நான் அப்படிச் சொல்பவள் இல்லை. எங்கள் வீட்டில் இரண்டு. சட்டாம்பிள்ளை என்கிற கடுவன் மிதியடியில் படுத்தபடி போகிறவர் வருகிறவரைக் கணக்கெடுப்பதோடு சரி. அவன் இதுவரை பிடித்த பெரிய இரை ஒரு ரப்பர் பேண்ட். கருப்பாயி வேறு ரகம். விடிகாலை நாலரை மணிக்கு அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும். மியாவ் இல்லை, வாயில் எதையோ கவ்விக்கொண்டு கூப்பிடுகிற கூப்பாடு. பூனையோடு குடியிருப்பவர்களுக்கு அதைக் கேட்டதும் தூக்கம் போய்விடும். விளக்கைப் போடாமல் தரையில் கால் வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். தும்பி, ஓணான், பல்லியைக் காணோம் வால் மட்டும் துடிக்கிறது என்று பலதும் பார்த்தாயிற்று. ஒருமுறை உயிரோடு ஒரு சுண்டெலியைக் கொண்டுவந்து பிரிட்ஜுக்கு அடியில் விட்டுவிட்டு, பிடித்துக் கொடுத்தாயிற்று இனி உங்கள் பாடு என்பதுபோல் உட்கார்ந்து பாதத்தை நக்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சுண்டெலியோடு மூன்று இரவு குடித்தனம் நடத்தினோம்.

வயிறு நிறையப் போட்டால் அது ஏன் வேட்டைக்குப் போகிறது என்று பொருளாளர் கேட்டார். நியாயமான கேள்விதான், அன்று பதில் சொல்ல விடவில்லை. பூனைக்குப் பசி ஒரு பக்கம், வேட்டை இன்னொரு பக்கம். 1976-இல் வெளியான ஒரு சோதனையில், பிடித்த தீனியைத் தின்றுகொண்டிருந்த பூனைகளுக்கு முன்னால் உயிருள்ள எலியை விட்டார்கள். அவை தீனியை விட்டுவிட்டுப் போய் எலியைக் கொன்றன, கொன்றதைத் தூக்கிவந்து தட்டுப் பக்கத்தில் போட்டன, பிறகு விட்ட இடத்திலிருந்து தீனியைத் தின்னத் தொடங்கின. கருப்பாயிக்கு வீட்டில் ஒரு குறையும் இல்லை. அவள் பிறவிக் குணம் அது.

இனி நான் எழுத நினைத்ததற்கு வருகிறேன்.

ஷூ விவகாரம் முடிந்து நான்கு நாள் இருக்கும். ஜன்னல் திண்டுக்குத் தாவியவள் எட்டாமல் கீழே விழுந்தாள். பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், பூனைகளுக்கு மானம் அதிகம். மறுநாள் காலை தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு செந்நிறத் திரி மிதந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு காகிதம்போல் வெளுத்திருந்தது. மருத்துவர் வயிற்று மயிரைச் சிரைத்தபோது அடியில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாரித்திருந்தது. ரத்தம் எடுக்க ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தும் நெடுநேரம் கசிவு நிற்கவில்லை.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: உங்கள் பக்கம் எலி மருந்து வைக்கிறார்களா?

இல்லை என்று சொன்னேன். உறுதியாகச் சொன்னேன். ஏனென்றால் யாரும் எங்களிடம் சொல்லவில்லை. அன்றிரவு காவலாளி அண்ணனைக் கூட்டிக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் படிக்கட்டுக்கு அடியில் கறுப்புப் பெட்டியும் உள்ளே நீலக் கட்டிகளும் தெரிந்தன. "போன மாதமே வெச்சாங்களேம்மா, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். அங்கேயே நின்று மருத்துவருக்குப் போன் செய்து, முன்பு சொன்ன பதில் தப்பு என்று சொன்னேன்.

இந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்று குழுவில் யாராவது கேட்டிருந்தால் நான் இவ்வளவு எழுத வேண்டியிருக்காது. ரத்தம் உறைய உடம்புக்கு வைட்டமின் கே வேண்டும். உடம்பு அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திக்கொள்ளும் வழியை இது அடைத்துவிடுகிறது. கையிருப்பு தீர்ந்ததும் உள்ளேயே ரத்தம் கசியத் தொடங்கும். எலி உடனே சாகாது, அதற்குச் சில நாள் ஆகும். இப்படி மெதுவாகக் கொல்வதுதான் இதற்கு இருக்கும் பெருமையே. தின்ற இடத்திலேயே ஒன்று விழுந்தால் மற்ற எலிகள் அந்தப் பக்கம் தலைவைக்காது. ஆக அந்தச் சில நாளும், உடம்பு முழுக்க விஷத்தோடு, எலி நடமாடிக்கொண்டிருக்கும். கடைசியில் பகல் வெளிச்சத்தில் தள்ளாடி வெளியே வரும். பூனைக்கு அதைவிடச் சுலபமான இரை ஏது?

ஒரு எலியில் இருக்கும் அளவு ஒரு பூனைக்குப் போதாமல் போகலாம். ஆனால் எலி பிடிக்கிற பூனை ஒன்றோடு நிற்பதில்லை, விஷமும் ஈரலில் மாதக்கணக்கில் தங்கும். இப்போது யோசித்தால் ஷூவில் கிடந்த எலியும் விளங்குகிறது. கருப்பாயியின் உடம்புக்கு அது மீறிய எலி. நல்ல நிலையில் இருந்திருந்தால் அதுதான் அவளை விரட்டியிருக்கும். செயலாளர் அவர்களே, அன்று உங்கள் ஷூவில் கிடந்தது உங்கள் பெட்டியிலிருந்து புறப்பட்டதாகத்தான் இருக்கும். வழியில் எங்கள் பூனையின் வாய் ஒரு வாகனம்.

மாற்று மருந்து இருப்பது எங்கள் அதிர்ஷ்டம். வைட்டமின் கே1 மாத்திரை, நான்கு வாரம். பூனைக்கு மாத்திரை கொடுத்தவர்களுக்குத் தெரியும், விழுங்கியதாக நடித்துவிட்டு அரைமணி கழித்து சோபாவுக்குப் பின்னால் துப்பிவைக்கும். தாவக் கூடாது, எங்கும் இடித்துக்கொள்ளக் கூடாது என்றார்கள். பூனையிடம் இதை யார் சொல்வது? முதல் வாரம் கூடைக்குள் வைத்து, பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தேன். இரவில் கண் விழிக்கும்போதெல்லாம் விலா ஏறி இறங்குகிறதா என்று கைவைத்துப் பார்ப்பேன். அந்த நாட்களில் நாலரை மணிக்குச் சத்தம் ஏதும் இல்லை. மாத்திரையை நிறுத்தி இரண்டு நாள் கழித்து மறுபடி ரத்தம் எடுத்து, உறைகிறதா என்று பார்த்தார்கள். உறைந்தது. தேறிவிட்டாள் என்று வீட்டுக்குத் தூக்கிவந்த அன்றுதான் உங்கள் சுற்றறிக்கையைப் பார்த்தேன். பூனைகளைப் பற்றி அதில் பதினொரு வரி. பெட்டிகளைப் பற்றி ஒரு வரி கிடையாது.

பூனைகள் எல்லாவற்றுக்கும் மணி கட்ட வேண்டும் என்று அதில் முதல் உத்தரவு. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று காலங்காலமாகக் கேட்டுவந்த கேள்விக்கு ஒரே தாளில் விடை எழுதிவிட்டீர்கள், பாராட்டுகள். கட்டியாயிற்று. இழுத்தால் தானாகக் கழன்றுகொள்ளும் பட்டையாகப் பார்த்துக் கட்டினேன். ஆனால் இங்கிலாந்தில் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் வேட்டைப் பூனைகளை வீடு வீடாகக் கணக்கெடுத்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், மணியால் குறிப்பிடும்படி ஒரு பலனும் தெரியவில்லை. பதுங்கி நடக்கப் பிறந்ததற்கு மணியை ஆட்டாமல் நடக்கவா தெரியாது? அதே ஆய்வில் இறைச்சிப் புரதம் மிகுந்த, தானியம் சேராத தீனி கொடுத்த வீடுகளில் பூனை கொண்டுவரும் இரை 36 சதவீதம் குறைந்தது. தினமும் ஐந்து பத்து நிமிடம் பூனையோடு விளையாடிய வீடுகளில் 25 சதவீதம். பளிச்சென்ற வண்ணத்துணி சுற்றிய கழுத்துப்பட்டை, பறவைகளை மட்டும் 42 சதவீதம் காப்பாற்றியது. தீனியைத் தேடி எடுக்க வைக்கும் புதிர்க் கிண்ணம் கொடுத்தவர்களுக்குத்தான் பாவம், இரை 33 சதவீதம் கூடிவிட்டது. நானும் அதைத்தான் முதலில் வாங்கினேன்.

பறவைகள் விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. அமெரிக்காவில் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடியிலிருந்து 400 கோடி பறவைகள் வரை கொல்வதாக 2013-இல் ஒரு கணிப்பு வந்தது. அதில் பெரும்பங்கு வீடில்லாத பூனைகளுடையது. கூட்டத்தில் ஒரு பெரியவர் நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவுக் கதையைச் சொன்னார், கலங்கரை விளக்கக் காவலரின் ஒற்றைப் பூனை ஒரு பறவையினத்தையே அழித்தது என்று. 1894-இல் கலங்கரை விளக்கம் வந்த கையோடு பூனையும் வந்தது, பறக்கத் தெரியாத அந்தக் குட்டிப் பறவை சில ஆண்டில் இல்லாமல் போனது, எல்லாம் சரிதான் ஐயா. ஆனால் அது ஒற்றைப் பூனையின் வேலை இல்லை. தீவில் பூனைகள் குட்டிபோட்டுப் பெருகின. அதனால்தான் சொல்கிறேன், தெருப் பூனைகளைப் பிடித்துத் தொலைவில் விடுவதாக எழுதியிருக்கிறீர்களே, அதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து இங்கேயே விடுங்கள். காலியான இடத்துக்கு வேறு பூனை வரும், குட்டியும் போடும். தொட்டி திறந்து கிடக்கிற வரைக்கும் வரவுக்குக் குறைவிருக்காது.

தொட்டி என்றதும் நினைவு வருகிறது. மூடி உடைந்து எத்தனை மாதம்? எலிகளுக்கு அழைப்பிதழ் அடித்து வைத்துவிட்டு, வந்த விருந்தாளிக்கு விஷம் வைக்கிறோம், அதைப் பிடித்த பூனைக்கு நோட்டீஸ் ஒட்டுகிறோம். கழிவுநீர்க் குழாய் சுவருக்குள் நுழைகிற இடத்தில் கை நுழையும் ஓட்டை இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன், தாள் வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துகூடப் போட்டீர்கள். படிக்கட்டு விளக்கு இன்னும் எரியவில்லை. இருட்டில் இறங்குகிறவர்களுக்கும் ஒரு மணி கட்டச் சொல்லி அடுத்த சுற்றறிக்கை வருமோ என்னவோ. வாகன நிறுத்தத்தில்... இல்லை, வேண்டாம். அதற்குத் தனியாக ஒரு மடல் எழுதுகிறேன்.

பணிவோடுதான் கேட்கிறேன். பெட்டிகளை எடுத்துவிடுங்கள். தொட்டிகளுக்கு மூடி போடுங்கள், அந்த ஓட்டையைக் கம்பிவலை வைத்துப் பூசுங்கள், எலிக்கூண்டு வையுங்கள். கூண்டுகளைக் காலையில் பார்த்துக் காலி செய்கிற வேலையை நானே எடுத்துக்கொள்கிறேன். நாலரை மணிக்கு எப்படியும் விழித்துத்தானே இருக்கிறேன். அந்தியிலிருந்து நன்றாக விடியும்வரை இரண்டு பூனைகளும் வீட்டுக்குள்தான் இருக்கும் என்று எழுதித் தருகிறேன், வேட்டைக்கு அவை துடிக்கிற நேரம் அதுதான். தண்ணீர்த் தொட்டிமேல் வந்து உட்கார்கிற ஆந்தையும் இதே எலிகளைத்தான் பிடிக்கிறது. அதை வீட்டுக்குள் பூட்டி வைக்கிறேன் என்று என்னால் எழுதித் தர முடியாது. கீழ்த்தளத்தில் தவழ்கிற குழந்தை கையில் எது கிடைத்தாலும் வாயில் வைக்கிறது, அதன் அம்மாவிடமாவது பெட்டியைப் பற்றிச் சொன்னீர்களா?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ரத்தப் பரிசோதனைத் தாள்களோடு வருகிறேன். ஐந்து நிமிடம் பேச விடுங்கள். அதற்கு முன்பே பெட்டிகளை எடுத்துவிட்டால் அந்த ஐந்து நிமிடமும் உங்களுக்கு மிச்சம்.

நன்றியுடன்,
இரண்டாம் தளத்துப் பூனைக்காரி

பின்குறிப்பு: இதை எழுதி முடித்து ஜன்னலோரம் வந்தேன். பட்டப்பகல். குப்பைத் தொட்டி ஓரத்தில் ஒரு எலி, சுவரோடு ஒட்டிக்கொண்டு, நான்கு அடிக்கு ஒருமுறை நின்று நின்று போகிறது. கருப்பாயி வலைக்கதவுக்கு உள்ளே உட்கார்ந்து அதையே பார்க்கிறாள். மணிச் சத்தம் கேட்கவில்லை.