டாக்ரோலிமஸ் சாப்பிடும் குழந்தைக்கு எந்தச் சளி மருந்து?

ஆசிரியருக்கு,

உறுப்பு மாற்றம் செய்துகொண்ட குழந்தைகள் பற்றிய உங்கள் கட்டுரை, முகம் உப்புவது, பரு, வளர்த்தி குறைவது என்று ஸ்டீராய்டோடு நின்றுவிட்டது. அதெல்லாம் கண்ணில் படுகிறவை. எந்தத் தாயும் கவனித்துவிடுவாள். சத்தமில்லாமல் சிறுநீரகத்தைக் கெடுப்பது, வைத்த உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்து. ரத்தத்தில் அதன் அளவு கூடினால் கை நடுங்கும், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும், மெக்னீசியம் இறங்கும். குறைந்தாலோ, வைத்த உறுப்பையே உடல் ஏற்காமல் போகும்.

நீலகிரியில் மழை தொடங்கிவிட்டால் பிள்ளைகளுக்குச் சளியும் இருமலும் ஓயாது. சீட்டில்லாமல் கடையில் வாங்கும் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் சிரப்புகள் டாக்ரோலிமஸைக் கல்லீரல் உடைக்க விடாமல் தடுப்பவை. சில நாளிலேயே அளவு எகிறிவிடும். வாயில் பூஞ்சையால் வரும் புண்ணுக்குத் தரும் ஃப்ளூகோனசோலும் அதே ரகம். அசித்ரோமைசினில் இந்தத் தொல்லை குறைவு. எதுவானாலும் உறுப்பு மாற்று மையத்துக்கு ஒரு போன் போட்ட பிறகே கொடுக்க வேண்டும். காய்ச்சலுக்கு ஐபுபுரூஃபென் வேண்டவே வேண்டாம். அதுவும் சிறுநீரகத்தைத்தான் அடிக்கும். பாரசிட்டமால் கொடுக்கலாம். ஆனால் 100.4 டிகிரியைத் தொட்டால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கிவிடும் என்பதால், காய்ச்சல் குறைவாக இருப்பதை நம்ப முடியாது.

பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்வது வயிற்றுப்போக்கை. மருந்தெல்லாம் வெளியே போய்விட்டது என்று இன்னொரு கேப்ஸ்யூல் கொடுப்பார்கள். நடப்பது வேறு. மருந்தில் ஒரு பங்கைக் குடல் சுவர்தான் வழக்கமாக உடைத்தும் திருப்பித் தள்ளியும் விடும். அது புண்ணாகும்போது கூடுதல் மருந்து ரத்தத்தில் சேர்கிறது. பம்பளிமாஸ் பழமும் இப்படித்தான் அளவை ஏற்றும், தொடாமலிருப்பதே நல்லது.

ரத்தப் பரிசோதனை நாளில் நடக்கும் குளறுபடி மலைக்காரர்களுக்கே உரியது. இரவு 9 மணிக்கு மருந்து கொடுத்தால் மறுநாள் காலை 9 மணிக்கு, அடுத்த வேளைக்கு முன்பாக ரத்தம் எடுக்க வேண்டும். கோவைக்கு விடியற்காலை பஸ் பிடிக்கிற அவசரத்தில் காலை கேப்ஸ்யூலையும் கொடுத்துவிட்டால் அளவு பொய்யாகக் கூடித் தெரியும். அதை நம்பி டோஸைக் குறைத்தால் நிராகரிப்பில் கொண்டுபோய் விடும். கேப்ஸ்யூலைப் பையில் வைத்துக்கொண்டு, ரத்தம் கொடுத்ததும் போடுங்கள். முந்தின வேளை எத்தனை மணிக்கு என்பதைச் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் குழந்தை வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்கலாமா, எத்தனை நிமிஷத்துக்குள் என்பதையும் மையத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

உண்மையில் இந்தப் பரிசோதனைக்காகக் குழந்தை மலையிறங்க வேண்டியதே இல்லை. ஊதா மூடிக் குழாயில் எடுத்த முழு ரத்தம் குளிர்பதத்தில் பல நாள் தாங்கும். உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வாரம் ஒரு காலை ரத்தம் எடுத்துக் கோவைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தால் போதும். சுகாதாரத் துறை இதைக் கவனிக்க வேண்டும்.

மருந்தாளுநர் ஒருவர்,
குன்னூர்.