சட்டம் படிக்க ஆசைப்படும் பிள்ளைகளைப் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

அடுத்து என்ன படிக்கப் போகிறீர்கள் என்று பிளஸ் டூ பிள்ளைகளிடம் எழுதி வாங்கியதில் சிலர் சட்டம் என்று எழுதியிருந்தார்கள், அதில் ஒரு மாணவியின் அப்பா மறுநாளே வந்து, "பொய் பேசிப் பிழைக்கிற வேலைக்கா டீச்சர் எம்புள்ள போகணும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். நம் ஊரில் பலருக்கும் இதே எண்ணம்தான், அதனால் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

உச்சநீதிமன்ற நீதிபதியாக இருந்த வி.ஆர்.கிருஷ்ணய்யரைப் பற்றித்தான் இந்த மாதம் வகுப்பில் பேசினோம். பாலக்காட்டுக்காரர், படித்தது சென்னை சட்டக் கல்லூரியில், வக்கீல் தொழில் தலச்சேரியில். கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்று 1948-ல் அவரையே பிடித்து உள்ளே வைத்தார்கள். 1952-ல் சென்னை சட்டமன்ற உறுப்பினர், 1957-ல் கேரளாவில் மந்திரி, சிறைத்துறையும் அவரிடம்தான் இருந்தது! அப்புறம் உயர்நீதிமன்ற நீதிபதி, 1973-ல் உச்சநீதிமன்ற நீதிபதி.

திகார் சிறையில் ஒரு கைதியை வார்டர் சித்திரவதை செய்ததை, அங்கேயே இருந்த சுனில் பத்ரா என்ற இன்னொரு கைதி உச்சநீதிமன்ற நீதிபதிக்குக் கடிதமாக எழுதிவிட்டார். அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு, வக்கீல்களைச் சிறைக்குள் அனுப்பி விசாரிக்க வைத்தது நீதிமன்றம். 1979-ல் வந்த அந்தத் தீர்ப்பை எழுதியவர் கிருஷ்ணய்யர்தான். அப்பா இலங்கைச் சிறையில் இருந்த நாட்களைப் பார்த்த பிள்ளைகள் நம் பள்ளியில் உண்டு, இதைச் சொன்னதும் கேள்விகள் நிற்கவே இல்லை: எழுதினவருக்கு அடி விழவில்லையா, உள்ளேயிருந்து கடிதம் எப்படி வெளியே வந்தது?

1980-ல் மத்தியப் பிரதேசத்து ரத்லாம் ஊர் வழக்கு. சாக்கடை நாற்றம் தாங்காமல் ஒரு வார்டு மக்கள் புகார் கொடுக்க, நகராட்சி கையில் காசில்லை என்றது, அது ஒரு காரணமே இல்லை, வேலையை முடி என்று எழுதினார் கிருஷ்ணய்யர். மழைக்கு நம் பள்ளி வாசலில் தேங்கும் தண்ணீரைப் பற்றி ஒன்பதாம் வகுப்பு இப்போது ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறது, திங்கள்கிழமை குறைதீர் நாளில் கொடுக்கப் போகிறார்களாம். கொடுக்கட்டும், நான் தடுக்கவில்லை.

காசில்லாதவருக்கும் வக்கீல் கிடைக்க வேண்டும் என்று 1973-லேயே அறிக்கை கொடுத்த குழுவுக்குத் தலைவரும் அவர்தான். இன்று பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, அதற்கான 15100 என்ற தொலைபேசி எண்ணைக் குறித்து வையுங்கள்.

பிளஸ் டூ முடித்ததும் ஐந்து வருடப் படிப்பு, அரசு சட்டக் கல்லூரி ராமநாதபுரத்திலேயே இருக்கிறது. சென்னைக்கு அனுப்ப வேண்டுமே என்று பயப்பட வேண்டாம்.

வரும் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பள்ளியில் பேசலாம். ஜும்மா முடிந்திருக்கும், கடலுக்குப் போகாத நாள்தான். அம்மாக்களும் வாருங்கள், அன்று கேள்வி கேட்டுவிட்டுப் போன அந்த அப்பாவும் கட்டாயம் வர வேண்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை