பங்குனி வெயிலும் கொல்லைப்புறப் பறவைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பங்குனி பிறந்ததுமே கொளுத்தும் வெயிலுக்குப் பருவநிலை மாற்றம்தான் காரணமா என்று இந்த வாசகர் கடிதப் பகுதியில் நடக்கும் வாதத்தைப் படித்து வருகிறேன். ‘சென்னையில் 2003 மே 31-ஆம் தேதியே 45 டிகிரி அடித்ததே, இதில் புதிதாக என்ன இருக்கிறது?’ என்று கேட்பவர்கள் ஒரு நாளின் உச்சத்தைக் காட்டுகிறார்கள். பருவநிலை என்பது பல ஆண்டுகளின் சராசரி. நாடு முழுமைக்குமான சராசரி அதிகபட்ச வெப்பநிலையில், 1901 முதல் பதிவான எல்லா மார்ச் மாதங்களையும் 2022 மார்ச் முந்தியது. ஹவாயின் மௌனா லோவா மலை ஆய்வகத்தில் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்காக இருந்த, வெப்பத்தைப் பிடித்துவைக்கும் கரியமில வாயு, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. பட்டிமன்றம் வைத்துத் தீர்ப்புச் சொல்லும் விஷயமா இது?

அதற்காக எல்லாப் பழியையும் பருவநிலை மாற்றத்தின் தலையில் கட்டுவதும் சரியல்ல. ஓட்டு வீடுகளை இடித்தோம், கொல்லை முழுக்க சிமென்ட் பூசினோம், கம்பளிப்பூச்சிக்குப் பயந்து முருங்கையை வெட்டினோம். பிறகு சிட்டுக்குருவி எங்கே என்று தேடுகிறோம். (செல்போன் கோபுரக் கதிர்வீச்சுதான் குருவிகளை அழித்தது என்ற கதையை நான் இன்றுவரை நம்பவில்லை.)

பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. நண்பகலில் தவிட்டுக்குருவி அலகைத் திறந்து இரைப்பது உடம்புச் சூட்டைத் தணிக்கத்தான். தண்ணீர் வைப்பவர்கள் ஆழமில்லாத மண்சட்டியில், நிழலில் வையுங்கள். மொட்டை மாடி வெயிலில் வைத்த எவர்சில்வர் கிண்ணத்தில் நீர் கொதித்துவிடும். தினமும் கழுவி நீரை மாற்றாவிட்டால் அதில் டெங்கு கொசுதான் குடியேறும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை