சேலத்துக் கணக்கு

ஏற்காடு
டிசம்பர் 7

பாப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "அப்பா, ஆட்டுக்கால் சூப் எப்படி வைக்கிறதுன்னு ரெண்டு நிமிஷத்துல சொல்லுங்க, எனக்கு மீட்டிங் இருக்கு" என்றாய். ரெண்டு நிமிஷத்தில் காலைக்கூடக் கழுவ முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம். உன் சிநேகிதி வியாழக்கிழமை சேலத்திலிருந்து கிளம்புகிறாள். மிளகுப் பொட்டலத்தோடு இதையும் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். லீவுக்கு இன்னும் நாள் இருக்கிறது, நிதானமாகப் படி.

அம்மாவைக் கேட்காமல் என்னைக் கேட்டாயே, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான். முப்பத்தைந்து வருஷம் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டராக இருந்தவன், வெந்நீர் வைக்கக்கூட அடுப்படிப் பக்கம் போனதில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி வந்து, நின்று சமைக்க முடியாமல் போன பிறகுதான் கரண்டி என் கைக்கு வந்தது. இப்போதும் அவள் ஹாலில் கட்டிலில் உட்கார்ந்தபடி வாசனையை வைத்தே என்னை நடத்துகிறாள். "ஏங்க, பூண்டு கருகுது" என்பாள். போய்ப் பார்த்தால் கருகியிருக்கும்.

போன வருஷம் கிறிஸ்துமஸ் லீவுக்குப் பெரியப்பா குடும்பம் மேலே வந்திருந்தது உனக்குத் தெரியும். சூப் கதையை மட்டும் உன்னிடம் மறைத்துவிட்டேன். மண்சட்டியில், விறகடுப்பில் வைத்தால்தான் ருசி என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கொல்லையில் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினேன். எவ்வளவு நேரம் என்று பெரியம்மாவிடம்தான் கேட்டேன். சேலம் அஸ்தம்பட்டி வீட்டில் தான் வைப்பது இரண்டரை மணி நேரம் என்றார்கள். கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நிமிஷம் கூடக் குறைய இல்லாமல் இறக்கினேன். பெரியப்பா ஒரு துண்டை எடுத்துக் கடித்து இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். ரப்பர் செருப்பு வார் மாதிரி நீண்டது, விட்டதும் திரும்பிப் போய் எலும்போடு ஒட்டிக்கொண்டது. மனுஷர் ஒன்றும் சொல்லவில்லை. "சாறு நல்லா இருக்குப்பா" என்றார். உள்ளேயிருந்து அம்மாதான், "சேலத்துக் கணக்கு ஏற்காட்டுல செல்லுமா?" என்று குரல் கொடுத்தாள்.

அவள் சொன்னது சரி. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் அடிகூட உயரம் இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் நாம் கிட்டத்தட்ட ஐயாயிரம் அடியில் இருக்கிறோம். சுமார் ஆயிரம் அடி ஏறினால் தண்ணீர் கொதிக்கிற சூடு ஒரு டிகிரி குறையும். சேலத்தில் 99 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் இங்கே 95-லேயே தளதளவென்று கொதித்துவிடும். பார்வைக்கு அதே கொதிதான். அதற்கு மேல் எவ்வளவு விறகைத் திணித்தாலும் தண்ணீர் ஆவியாகப் போகுமே தவிர சூடு ஏறாது. ஆட்டுக்காலில் சதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, தோலும் நரம்பும் சவ்வும்தான். அது கரைந்து பசையாக இறங்கினால்தான் சூப். நாலு டிகிரி குறைந்தால் அது பிடிவாதம் பிடிக்கும்.

இதை நான் ஏன் உனக்கு இவ்வளவு விஸ்தாரமாக எழுதுகிறேன் என்றால், நீ அமெரிக்காவுக்குப் போன புதிதில் ஒரு போட்டோ அனுப்பினாய். டென்வர் சட்டசபைக் கட்டடத்துப் படியில், கடல் மட்டத்திலிருந்து சரியாக ஒரு மைல் என்று குறித்திருக்கிற இடத்தில் நின்றிருந்தாய். ஒரு மைல் என்றால் 5,280 அடி. எனக்கு அந்த எண் எங்கேயோ பார்த்ததாகத் தோன்றிக்கொண்டே இருந்தது. அப்புறம் பிடிபட்டது. நம் சேர்வராயன் கோயில் இருக்கிற மேடு 5,326 அடி. சின்ன வயதில் தலை இடிக்காமல் நீ மட்டும் நிமிர்ந்து ஓடுவாயே, அந்தக் குகைக் கோயில் வாசலில் அடுப்பு மூட்டுகிற மாதிரிதான் நீ அங்கே சமைக்கிறாய்.

நீ கண்காணாத தூரத்தில் கிடக்கிறாய் என்று அம்மா அடிக்கடி புலம்புவாள். இந்த உயரக் கணக்கை அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ அங்கயும் பருப்பு வேகாதே" என்றாள்.

ஆகவே இண்டர்நெட்டில் யாராவது சென்னையிலோ துபாயிலோ உட்கார்ந்துகொண்டு "எட்டு விசில்" என்று சொன்னால் நம்பாதே. குக்கர் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல்தான் தன் அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். மலையில் வெளிக்காற்றே இளைத்திருப்பதால் உள்ளே சூடும் கொஞ்சம் குறைவுதான். விசிலை எண்ணுவதை விட்டுவிடு. அது அடுப்புக்கு அடுப்பு மாறும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, ஐம்பது நிமிஷம். கால் முற்றலாக இருந்தால் ஒரு மணி நேரம். உன் கரண்ட் பிரஷர் குக்கரில் வைத்தால், சமையல் குறிப்பில் போட்டிருக்கிற நேரத்தோடு ஆறில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள். பெரியப்பா போன பிறகு நான் நாலு ஞாயிறு தொடர்ந்து வைத்துப் பார்த்து, பழைய செக்ரோல் நோட்டின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். ஆள் வருகை எழுதின நோட்டில் இப்போது ஆட்டுக்கால் வருகை.

இங்கே கறிக்கடையில் ஒரு செட் என்றால் நாலு கால். தீயில் வாட்டி, சுரண்டி, குளம்பை எடுத்து, வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். அங்கே ஹலால் கடையில் பாயாவுக்கு என்று கேள், உறைய வைத்தது கிடைக்கும். மஞ்சளும் கல்லுப்பும் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவு. விரலிடுக்கில் முடி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார். உறைந்த காலை ஒரு கொதி விட்டு அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிடுவது நல்லது, கவிச்சி போகும்.

அப்புறம் புதுத் தண்ணீர் இரண்டரை லிட்டர். சின்ன வெங்காயம் இருபது (அங்கே ஷாலட் என்று விற்பதை வாங்கு, பெரிய வெங்காயம் இனித்துக் கெடுக்கும்), பூண்டு ஒரு முழுசு, கட்டைவிரல் அளவு இஞ்சி, ஒரே ஒரு தக்காளி, அரை ஸ்பூன் மஞ்சள்தூள், கறிவேப்பிலை. மல்லி இரண்டு ஸ்பூன், சீரகம் ஒரு ஸ்பூன், மிளகு இரண்டு ஸ்பூன் எடுத்து லேசாக வறுத்துக்கொள். பட்டை, கிராம்பு எதுவும் வேண்டாம். அதைப் போட்டால் பிரியாணிக் கடைச் சால்னா ஆகிவிடும். இந்த விஷயத்தில் நானும் அம்மாவும் ஒரே கட்சி, இது அபூர்வம்.

மிளகைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மொத்த மிளகையும் ஆரம்பத்திலேயே போட்டுவிடாதே. ஒரு மணி நேரக் கொதியில் காரம் நிற்கும், மணம் ஓடிப்போகும். பாதியை மற்றதோடு தட்டி முதலில் போடு. மீதியை மூடி திறந்த பிறகு, குடிக்கப் போகும்போது, ஒன்றிரண்டாகத் தட்டிப் போடு. காப்பிப்பொடி மிஷினில் அரைக்காதே, மாவாகிச் சாற்றைக் கறுப்பாக்கிவிடும். உலக்கை இல்லையென்றால் துணியில் முடிந்து சப்பாத்திக் கட்டையால் நாலு போடு. பொட்டலத்தில் இருப்பது நம் வீட்டுப் பின்னால் சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கிற கொடியில் காய்த்தது. போன பருவத்துச் சரக்கு. இந்த வருஷத்துச் சரம் இன்னும் பச்சையாகத்தான் தொங்குகிறது, பொங்கலுக்குப் பிறகுதான் பறிப்பு.

அடுத்தது, நீ கேட்காத ஒன்று. நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அரையாண்டு லீவுக்குச் சேலத்திலிருந்து உன் பெரியப்பா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் எல்லாரும் வந்துவிடுவார்கள். பாதிப் பேர் வளைவுகளில் வாந்தி எடுத்து வாடிப்போய் இறங்குவார்கள். காப்பிப் பழம் பறிப்பு உச்சத்தில் இருக்கும், எடை போட்டு முடித்து நான் இருட்டிய பிறகுதான் வருவேன். வீட்டில் எட்டுப் பிள்ளைகள், ஒரு செட் கால். முதல் நாள் ஆளுக்கு ஒரு டம்ளர் சாறும் ஒரு துண்டும். இரண்டாம் நாள் கிடைத்த சூப்தான் அதைவிட நன்றாக இருக்கும் என்று நீ இன்றைக்கும் சொல்கிறாய். பாப்பா, இரண்டாம் நாள் சூப்பில் காலே கிடையாது.

முதல் நாள் நீங்கள் கடித்துப் போட்ட எலும்பை அம்மா அலசி எடுத்து, மிச்சச் சாற்றோடு வெளித்திண்ணையில் மூடி வைத்துவிடுவாள். டிசம்பர் ராத்திரியில் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கும். விடிகாலையில் நான் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன். சட்டியின் மேலே வெள்ளையாக, மெழுகு ஊற்றின மாதிரி கொழுப்பு மூடியிருக்கும். கரண்டியால் ஓர் ஓரத்தைத் தூக்கினால், கீழே தேன் நிறத்தில் சாறு கட்டியாகி நடுங்கிக்கொண்டிருக்கும். சட்டியைச் சாய்த்தாலும் ஒழுகாது. அந்தக் கொழுப்பைத்தான் வழித்து, சீரகமும் வெங்காயமும் போட்டுத் தாளிப்பாள். அதில் அவித்த கொள்ளு இரண்டு கை, பாதியை மசித்து, பாதியை முழுசாக. அதுதான் நீ நினைவு வைத்திருக்கிற கெட்டியான சூப். ஒரு செட் காலை எட்டுப் பேருக்கு இரண்டு நாள் ஓட்டிய கணக்கு அது. நான் ரைட்டர் என்று பெயர், கணக்கு அவளுடையது. நீ ஃப்ரிட்ஜில் வை, திண்ணைப் பரீட்சையெல்லாம் வேண்டாம்.

உன்கூட இருக்கிற பெண் கறி சாப்பிடாது என்றாய். அதற்காக முடவாட்டுக்கால் கிழங்கு அனுப்பச் சொன்னாய். முடியாது. பச்சைக் கிழங்கை உங்கள் ஊர் ஏர்போர்ட்டில் விடமாட்டார்கள், கொண்டு வருகிற உன் சிநேகிதியை ஏன் வம்பில் மாட்டிவிட வேண்டும்? கிழங்கு என்கிறோமே தவிர அது பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளர்கிற ஒரு வகைப் பெரணியின் தண்டு. ஆட்டுக்கால் மாதிரியே பழுப்பு ரோமம் மூடியிருக்கும், அதனால் அந்தப் பெயர். இப்போது ரோட்டோரத்தில் குவித்து வைத்து, மூட்டு வலி பறந்துபோகும் என்று விற்கிறார்கள். உன் அம்மா ஆறு மாதம் குடித்தாள். ருசியாகத்தான் இருந்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. பாறை பாறையாகப் பெயர்த்துக்கொண்டு வருவதைப் பார்த்தால் எனக்கு வாங்கவும் மனசு வரவில்லை.

உன்கூட இருக்கிற அந்தப் பெண்ணுக்குக் கொள்ளு சூப்பே வை, எலும்புச் சாறு இல்லாமல். கொள்ளை மணம் வரும்வரை வறுத்து, ராத்திரி முழுக்க ஊறப் போடு. உங்கள் உயரத்துக்கு ஊறாமல் வைத்தால் விடியும்வரை வேகாது. குக்கரில் முப்பத்தைந்து நிமிஷம். மசித்து, நல்லெண்ணெயில் பூண்டும் சீரகமும் தாளித்து, கடைசியில் அதே மிளகு, கொஞ்சம் எலுமிச்சை. அங்கே கடையில் முல்லிகட்டாணி என்று ஒரு சூப்பைக் காட்டி அவள் உன்னிடம் விளக்கம் கேட்டாள் அல்லவா? அது நம் மிளகுத்தண்ணிதான். வெள்ளைக்காரர்கள் வாயில் அப்படி ஆனது. நம் ரசத்தில் கறியைப் போட்டு, சோற்றைப் போட்டு, சில பேர் ஆப்பிளையும் போட்டு சூப் ஆக்கிக்கொண்டார்கள். உன் கொள்ளுத் தாத்தா எஸ்டேட் பங்களாவில் சமையலாளுக்கு எடுபிடியாக இருந்தவர். அவர் அதை ஒரு வாய்கூடக் குடித்ததில்லை என்று பெருமையாகச் சொல்வார்.

அம்மா இதையெல்லாம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். உப்பைப் பற்றி நான் எழுதவே இல்லையாம். முதலில் பாதி போடு, சாறு சுண்டிய பிறகு ருசி பார்த்து மீதி. மல்லித்தழையைக் காம்போடு போடு.

நீ ராத்திரி எட்டு மணிக்கு வைத்தால் இங்கே மறுநாள் காலை எட்டரை. மூடியைத் திறக்கும்போது போன் பண்ணு. கரண்டியால் ஒரு எலும்பைத் தட்டி, ஸ்பீக்கரில் போட வேண்டுமாம். தோல் கழன்றிருந்தால் ஒரு சத்தம், இல்லையென்றால் வேறு சத்தம், எனக்குத் தெரியும் என்கிறாள். எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் கேட்கிறது.

அப்பா

பி.கு.: மிளகு இருக்கிற எவர்சில்வர் டப்பா அம்மாவின் கல்யாணச் சீர். திரும்பி வரும்போது கையோடு கொண்டு வா.